வட்டி வாங்காதவரின் நாற்காலி

என் வீட்டுக்காரருக்கு ஊரில் இரண்டு பெயர். ஒன்று மெத்தைக்கடை பாய். இன்னொன்று வட்டி வாங்காத பாய். முதல் பெயர் எங்களுக்குச் சோறு போட்டது. இரண்டாவது பெயர் எங்களை வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியது. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, அதனால் நடுநடுவே அவரைத் திட்டுவேன். இதை எழுதும்போது பக்கத்து அறையில்தான் இருக்கிறார். படித்தால் படிக்கட்டும்.

தேரடி வீதியிலிருந்து பிரியும் சந்தில் எங்கள் கடை. இலவம்பஞ்சு மெத்தை, தலையணை, கோரைப்பாய். செங்கம் ரோடு பக்கம் அறை வாடகைக்கு விடுகிறவர்கள் நிறையப் பேர் எங்களிடம்தான் வாங்குவார்கள். அங்கே வந்து தங்கும் வெள்ளைக்காரர்கள் தியானத்துக்கு உட்காரக் கல் மாதிரி திண்டு கேட்பார்கள். படுக்கவும் கல் மாதிரியே கேட்பார்கள். "இதுக்கு எதுக்குங்க பஞ்சு? கல்லையே உறை போட்டுக் குடுத்துடுங்க" என்பேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டபடி இறுக்கித் தைத்துக் கொடுப்பார். யார் என்ன கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாது. மனிதரிடம் இருக்கும் ஒரே நோய் அதுதான்.

கடைக்குக் கொஞ்சம் தள்ளி அந்த நிதி இருந்தது. நிதி என்றால் சின்ன பேங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க்காரர்கள் சிலர் பங்கு போட்டு ஆரம்பித்தது. உறுப்பினர்களிடம் டெபாசிட் வாங்குவார்கள், நகைக்குக் கடன் கொடுப்பார்கள். பெரிய பேங்க்கில் ஃபாரம் எழுதத் தெரியாதவர்களை ஓரமாக நிற்கவைப்பார்கள், இங்கே பேர் சொல்லிக் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். பூக்கடைக்காரர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் கடை போடுகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் பேங்க். பௌர்ணமி முடிந்த மறுநாள் காலையில் சில்லறைப் பையோடு வந்து நிற்பார்கள். காசு எண்ணும் சத்தம் எங்கள் கடை வரைக்கும் கேட்கும்.

எங்களுக்கு வட்டி ஆகாது. மார்க்கத்தில் விலக்கியது. கணக்குத் தொடங்கிய அன்றைக்கே எனக்கு வட்டி வேண்டாம் என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். நிதியின் செயலாளருக்கு அது பெரிய ஆச்சரியம். நெற்றி நிறைய விபூதி, வெள்ளைச் சட்டை, வருஷம் தவறாமல் எங்கள் வீட்டுக்கு நோன்புக் கஞ்சி குடிக்க வருவார். எனக்கு அண்ணன் முறை மாதிரிதான் பழகினார். புதிதாக யாராவது டெபாசிட் போட யோசித்தால் எங்கள் கடையைக் கை காட்டுவாராம். "அதோ அந்தப் பாயைப் பாருங்க. ஒரு பைசா வட்டி வாங்கறதில்ல. ஆசைக்குப் போடல, நம்பிக்கைக்குப் போட்டிருக்காரு." இதைக் கேட்டு இவர் கூச்சப்படுவார். கூச்சத்துக்குள்ளே கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, எனக்குத் தெரியாதா என்ன.

அந்தப் பணம் ஹஜ்ஜுக்கு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சேர்த்தது என்று சொன்னால் மிகையில்லை. பெண்ணைக் கட்டிக் கொடுத்தோம், பையனைப் படிக்கவைத்து துபாய்க்கு அனுப்பினோம், அதெல்லாம் வேறு பணம். இதைத் தொடமாட்டோம். எங்க அம்மா எனக்குப் போட்ட வளையல்களை விற்று நானும் அதில் சேர்த்தேன். இரண்டு பேர் பேரிலும் டெபாசிட், யார் கையெழுத்துப் போட்டாலும் எடுக்கலாம். மக்காவை டிவியில் காட்டும்போதெல்லாம் நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்பேன். அவ்வளவு ஆசை எனக்கு.

அந்த வருஷம் ஹஜ் கமிட்டி யாத்திரைக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் எங்கள் இரண்டு பேருடைய பேரும் வந்தது. ஃபோனில் அவர் பேரைப் பார்த்து, என் பேரைப் பார்த்து, மறுபடி பார்த்து அழுதேன். முன்பணம் கட்டக் கெடு கொடுத்திருந்தார்கள். நாளைக்கே போய் எடுத்துட்டு வந்துடுங்க என்றேன். "பௌர்ணமி போவட்டும். இப்போ அவங்களுக்கு கேஷ் ஜாஸ்தி தேவைப்படும், கடைக்காரங்க எல்லாம் சரக்கு போட எடுப்பாங்க" என்றார். ஊரான் பேங்க்கில் பணம் கம்மியாகிவிடக் கூடாதே என்று கவலைப்பட்டு, சொந்தப் பணத்தை எடுக்காமல் தள்ளிப் போட்ட மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் தினமும் பார்க்கிறேன்.

பௌர்ணமியும் போனது. மறுநாள் காலையில் பக்கத்து வீட்டம்மா ஃபோனை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார். எந்தக் குழுவில் யார் போட்டதோ, வாட்ஸப்பில் ஒரு செய்தி. வேங்கிக்கால் பக்கம் மனை போட்ட ஒருவருக்கு நிதி பெரும் தொகை கடன் கொடுத்துவிட்டதாம், மனை விற்கவில்லையாம், ஆளைக் காணோமாம், நிதியில் இப்போது ஒன்றுமில்லையாம். பக்கத்து வீட்டம்மாவும் அங்கேதான் மகள் காதுகுத்துக்குப் போட்டிருந்தார்.

கடைக்கு ஃபோன் போட்டேன். இவர் எடுத்து, "நான் நிதியிலதான் இருக்கேன்" என்றார்.

"எடுத்துட்டீங்களா?"

"இல்ல. செயலாளர் கூப்ட்டாரு. கூட்டம் ஜாஸ்தியா இருக்கு. கொஞ்ச நேரம் இங்க வந்து உக்காருங்க பாய், உங்களைப் பாத்தா ஜனங்க அடங்கிடுவாங்கன்றாரு."

"நம்ம பணம்?"

குரலைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு சொன்னார், "எல்லாரும் எடுத்தப்புறம்தான் நான் எடுப்பேன்னு சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?" என்று கத்தினேன். அதற்குள் அங்கே யாரோ அவருக்கு சலாம் சொல்கிற சத்தம் கேட்டது, ஃபோன் நின்றுவிட்டது.

செயலாளர் அவரிடம் சொன்னதைப் பிற்பாடு எத்தனையோ தடவை சொல்லவைத்துக் கேட்டிருக்கிறேன். "பணம் வெளியில கடனா நிக்குது பாய். வரும். ஆனா ஒரே நாள்ல எல்லாரும் வந்து குடுன்னா எந்த பேங்க் தாங்கும்? ரெண்டு நாள் ஜனங்க பொறுத்தா எல்லாருக்கும் கெடைக்கும். பொறுக்கலன்னா யாருக்கும் கெடைக்காது." இது பொய்யும் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். பொய் என்றால் இவர் கண்டுபிடித்திருக்காவிட்டாலும் நான் கண்டுபிடித்திருப்பேன்.

சமைத்தேன். புளிச்சோறு, அவித்த முட்டை, வாழைக்காய் வறுவல். நாலடுக்குக் கேரியரில் போட்டு, அதைத் துணிப்பையில் வைத்து, பைக்கு அடியில் டெபாசிட் ரசீதை மடித்து வைத்துக்கொண்டு, புர்காவை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அவர் வாக்குக் கொடுத்தால் அவரோடு. நான் யாருக்கும் கொடுக்கவில்லையே.

நிதி வாசலில் ஆம்பளைகள் வரிசை சந்து முனை வரைக்கும் நின்றது. பௌர்ணமி மறுநாள் என்பதால் முந்தின நாள் விழுந்த எலுமிச்சைத் தோலும் காகிதத் தட்டும் காலில் மிதிபட்டுக்கொண்டிருந்தன. உள்ளே போனதும் அவரைப் பார்த்துவிட்டேன். டைரக்டர்கள் உட்காரும் கைவைத்த மர நாற்காலியை எடுத்து வந்து, கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே போட்டு, கல்யாண வீட்டில் தாய்மாமனை உட்காரவைத்த மாதிரி உட்காரவைத்திருந்தார்கள். கையில் டீ. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அவரைப் பார்த்தார்கள். "பாயே உக்காந்திருக்காரு" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்ல, வரிசையிலிருந்து இரண்டு பேர் கழன்று போனதை நான் கண்ணால் பார்த்தேன். கவுண்டரில் இருந்த பெண் நோட்டை எண்ணி, கட்டி, மறுபடி அவிழ்த்து எண்ணினாள். வேண்டுமென்றே மெதுவாகத்தான் செய்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. பத்து ரூபாய்க் கட்டுகளாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கூடத்துக்குள்ளேயே இருந்த பொம்பளைகள் வரிசையில் போய் நின்றேன். எனக்குப் பின்னால் வந்து நின்றவரை எனக்கு நன்றாகத் தெரியும். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் சுக்குக் காப்பிக் கடை போடுகிறவர். புருஷன் இல்லை. வெறுங்காலோடு நடந்து கால் ஓய்ந்து வருகிறவர்கள் உட்காருவதற்கென்று எங்களிடம்தான் கோரைப்பாயும், கிழிசல் துணியில் தைத்த பஞ்சுத் திண்டும் வாங்குவார். எனக்குச் சமவயது. ஒரு கையில் ரசீது, இன்னொரு கையில் முந்தின நாள் வசூல் சில்லறைப் பை.

"இன்னா பாயம்மா, நீங்களும் வந்துட்டீங்க?" என்றார்.

"சாப்பாடு கொண்டாந்தேன்."

"என் வூட்டுக்குக் கான்கிரீட் போடணும். செவுரு ஏறி நிக்குது. எல்லாத்தையும் எடுத்துடலாம்னு வந்தேன். போட்ட காசு போயிடும்ன்றாங்களே, நெஜமா?"

எனக்கு என்ன தெரியும்? தெரியலைங்க என்றேன். வரிசை நகர்ந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் பணத்தை வாங்கிப் புடவையில் முடிந்துகொண்டு போனார். அடுத்தது நான். பையில் கையை விட்டு, கேரியருக்கு அடியில் ரசீதைத் தொட்டேன்.

அப்போது அவர் என்னைப் பார்த்தார். கையில் கேரியர் பை இருந்தாலும் இத்தனை வருஷம் வாழ்ந்தவருக்கு நிற்கிற தினுசு தெரியாதா? ரசீதுக்காகத்தான் வந்திருக்கிறேன் என்று தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையைக்கூட அசைக்கவில்லை. ஒட்டுமொத்தக் கூட்டமும் அவரைப் பார்க்கிறதே, எப்படி அசைப்பார்? டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார், அவ்வளவுதான். நான் போய் பணத்தை எடுத்தால் அந்த நாற்காலியில் இருக்கிற மனிதர் என்னவாவார் என்று நினைத்தேன். பெண்டாட்டியை அனுப்பி எடுத்துக்கொண்டு, ஊரைப் பொறுத்திருக்கச் சொன்னவர். காலத்துக்கும் அந்தப் பேர் நிற்கும். எடுத்தால் அவர் மானம் போகும், எடுக்காவிட்டால் மக்கா போகும். கவுண்டரில் இருந்த பெண், "சொல்லுங்க பாயம்மா" என்றாள்.

"சாப்பாடு குடுக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு வரிசையை விட்டு வெளியே வந்தேன். அவருக்குப் பக்கத்தில் போய் ஒரு அடுக்கை எடுத்துவைக்கக்கூட எனக்கு மனசில்லை. எல்லோர் எதிரிலும் அவரால் சாப்பிடவும் முடியாது. அப்படியே பையோடு திரும்பினேன்.

வாசல் தாண்டும்போது பின்னால் சுக்குக் காப்பிக்காரம்மா குரல் கேட்டது. "பாயம்மாவே எடுக்கல. பாய் குந்தினு இருக்காரு. நமக்கு இன்னா பயம்?" திரும்பிப் பார்த்தேன். அந்தம்மா ரசீதை இடுப்பில் செருகிக்கொண்டு, எதிர்ப் பக்கம் பணம் கட்டுகிற கவுண்டருக்குப் போய், பௌர்ணமிச் சில்லறைப் பையை அவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாளும் இவர் போய் உட்கார்ந்தார். கூட்டம் பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது என்று சந்தோஷமாக வந்து சொன்னார். பாய் நீங்க தெய்வம் என்று செயலாளர் கையைப் பிடித்துக்கொண்டாராம். அதற்கு அடுத்த நாள் காலை இவர் போனபோது ஷட்டர் மூடியிருந்தது. செயலாளர் வீடும் பூட்டியிருந்தது. மத்தியானத்துக்குள் போலீஸ் வந்து பூட்டுக்கு மேல் சீல் வைத்தது. கூட்டம் கொஞ்ச நேரம் ஷட்டரைத் தட்டியது. அப்புறம் எங்கள் கடைக்கு வந்தது.

அடிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். தெரிந்த முகங்கள், பிள்ளைகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்த கைகள். ஒருவர் மட்டும் மெத்தையை இழுத்துத் தெருவில் போட்டார். மற்றவர்கள் கேட்டார்கள், "ஏன் பாய் உக்காந்தீங்க?" இவர் தெருவில் கிடந்த மெத்தையைத் தூக்கித் தட்டினார். என் பணமும் அதில்தான் போனது என்றுகூடச் சொல்லவில்லை. அதை நான்தான் சொன்னேன், வீட்டிலிருந்து ஓடி வந்து, தெருவில் நின்று, தொண்டை கிழியச் சொன்னேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "கேரியர்ல எடுத்துனு போனீங்களே பாயம்மா, அது இன்னா பணம்?"

முதலில் எனக்கு விளங்கவில்லை. அன்றைக்கு நான் கேரியர் பையோடு உள்ளே போனதையும், அதே பையோடு சாப்பாடு கொடுக்காமல் வெளியே வந்ததையும் சந்தே பார்த்திருந்தது. சாப்பாடு கொண்டுவந்தவள் ஏன் அவருக்குக் கொடுக்காமல் போனாள்? அப்படியானால் அடுக்கில் இருந்தது சோறில்லை. அவர்கள் கணக்கு அப்படி. புளிச்சோறுங்க, அது புளிச்சோறு என்று நான் சொல்லச் சொல்ல, எனக்கே அது பொய் மாதிரி கேட்டது.

அதற்குப் பிறகு நாங்கள் இருந்த இருப்பை எப்படிச் சொல்வது? வீடு அதே வீடு, தெரு அதே தெரு, ஆனால் எங்கும் போக முடியாது. கீரைக்காரம்மா எங்கள் வாசலில் குரல் கொடுக்காமல் தாண்டிப் போனார். பக்கத்து வீட்டம்மா மாடியில் துணி காயப்போடும்போது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போட்டார். பள்ளிவாசலில் முன் வரிசையில் தொழுத இவர் கடைசி வரிசைக்குப் போய், தொழுகை முடிந்ததும் செருப்பைத் தேடாமல் கிடைத்ததை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். ஒரு தடவை இரண்டும் வலது காலாக இருந்தது. நான் சிரித்தேன், அவரும் சிரிக்கப் போனார், நடுவில் நின்றுவிட்டது. வேறு ஊருக்குப் போய்விடலாமா என்று கேட்டேன். "ஓடிட்டான்னு சொல்லுவாங்க" என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

பணம் போட்டவர்கள் எல்லோரும் சேர்ந்து வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுக்கப் போனார்கள். இவரும் போய் வரிசையில் நின்றார். நீ எதுக்கு வந்த என்று கேட்டார்களாம். மனுவைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தடியில் நின்றுவிட்டு, அவர்கள் போன பிறகு கொடுத்துவிட்டு வந்தார். செயலாளரைப் பிடித்தார்கள், ஜாமீனில் வந்தார், மகள் வீட்டில் இருக்கிறார் என்று கேள்வி. வழக்கு நடக்கிறது. கெடு தாண்டியதும் எங்கள் ஹஜ் இடம் வேறு யாருக்கோ போனது. அந்த மெசேஜைப் பார்த்த அன்றைக்கு நான் அவருக்குச் சோறு போடவில்லை. தப்புதான். போடவில்லை.

எல்லோரும் மெல்ல மெல்ல வருவதை நிறுத்திவிட்டார்கள், ஒருவரைத் தவிர. சுக்குக் காப்பிக்காரம்மா ஒவ்வொரு பௌர்ணமிக்கும் முன்னால் சரக்கு வாங்க டவுனுக்கு வருவார். சுக்கும் வெல்லமும் வாங்கிய பிறகு எங்கள் கடைக்கு வந்து, படியில் உட்காருவார். திட்டமாட்டார், சாபம் விடமாட்டார். "எதனா தெரிஞ்சுதா பாய்?" என்று ஒரே ஒரு கேள்வி. இவர் இல்லை என்று தலையாட்டுவார். தண்ணீர் கொடுத்தால் குடிப்பார். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து போவார். அவர் வருகிற நாளில் இவருக்கு ஊசியில் நூல் கோர்க்க வராது. நான் கடையில் இருந்தால் உள்ளே பஞ்சு மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். ஒரு காப்பிக்காரம்மாவுக்குப் பயந்து மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற நிலைமை எனக்கு.

அடுத்த வருஷம் பையன் துபாயிலிருந்து ஃபோன் பண்ணினான். "அம்மா, ரெண்டு பேருக்கும் நான் கட்டறேன். நீங்க பேர் குடுங்க." சுத்தமான பணம், பெற்ற பிள்ளை உழைத்தது. எனக்குக் கை கால் பறந்தது. இவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்த தலையணையிலிருந்து தலையைத் தூக்காமல், "எப்படிப் போறது?" என்றார்.

"ப்ளேன்லதான்" என்றேன், எரிச்சலில்.

"கெளம்பறப்போ எல்லார் வூட்டுக்கும் போவணுமே."

அங்கேதான் கொண்டுபோய் மாட்டினார். எங்களில் ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் சும்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட மாட்டார்கள். சொந்தபந்தம், அக்கம்பக்கம், கொடுக்கல் வாங்கல் இருந்தவர்கள் எல்லோரையும் தேடிப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்ததற்கெல்லாம் மாப்பு கேட்க வேண்டும். அவர்கள் மாப்பு செய்தோம் என்று வாயால் சொல்ல வேண்டும். மனுஷனுக்குச் செய்ததை மனுஷன்தான் மன்னிக்க முடியும், அல்லாஹ்கூட அதில் குறுக்கே வரமாட்டான் என்பார்கள். இப்போது இவர் யார் வீட்டுக்குப் போவார்? வாசலில் போய் நின்று, நாங்க ஹஜ்ஜுக்குப் போறோம் என்று சொன்னால், அவர்கள் காதில் என்ன விழும்? கேரியர் பணம் வெளியே வந்துவிட்டது, அதுதான் விழும். மகன் கட்டினான் என்றால் யார் நம்புவார்கள்? புளிச்சோற்றையே நம்பாதவர்கள்.

அன்றைக்குப் பெரிய சண்டை. "நீங்க உக்காந்தீங்க, நான் ஏன் கெடந்து சாகணும்? நான் மட்டும் மகனோட போறேன், நீங்க இங்கயே குந்திக்கிட்டு இருங்க" என்றெல்லாம் பேசினேன். அவர் தைத்துக்கொண்டே இருந்தார். பேசாத மனிதரோடு சண்டை போடுவது பஞ்சைக் குத்துகிற மாதிரி, கைதான் ஓய்கிறது. விடிந்ததும் என் கோபம் வேறு பக்கம் திரும்பியது. அவரால் போக முடியாது என்றால் நான் போகிறேன், வீடு வீடாக நானே போய்க் கேட்கிறேன். மற்ற எல்லோரையும்விட எனக்குப் பயமாக இருந்த இடத்திலிருந்து தொடங்கலாம் என்று, யாரிடமும் சொல்லாமல் ஷேர் ஆட்டோ பிடித்து அடி அண்ணாமலைக்குப் போனேன்.

பௌர்ணமி இல்லாத நாள். பாதை வெறிச்சென்று கிடந்தது, அங்கங்கே சாமியார்கள் படுத்திருந்தார்கள். கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். சுவர் ஏறி நின்றது, அவர் அன்றைக்குச் சொன்னபடியே. மேலே கான்கிரீட் இல்லை. சுவர் உச்சியில் கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்தன. நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, அதற்குக் கீழே அடுப்பு, பாத்திரம், எங்கள் கடைப் பாய்கள் சுருட்டி வைத்தபடி. அவர் அம்மியில் சுக்கு தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "எதனா தெரிஞ்சுதா பாயம்மா?" என்றார்.

இல்லைங்க என்றேன். அவர் முகம் விழுந்ததைப் பார்க்க முடியவில்லை. பாயை விரித்து உட்காரச் சொன்னார். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். குலுக்கல், ரசீது, புளிச்சோறு, கேரியர், மகன் பணம், மாப்பு கேட்கிற வழக்கம். நடுவில் அழுதேன். அவர் சுக்கு தட்டுவதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகு, "கேரியர்ல பணம் இல்லன்னு எனக்குத் தெரியும்" என்றார். "உங்க பின்னாடி நின்னது நான்தான? புளி வாசனை வந்துச்சு."

எனக்கு உடம்பெல்லாம் ஆறிப்போன மாதிரி இருந்தது. ஒருவர், ஒரே ஒருவர் நம்புகிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அப்போ மாப்பு செஞ்சிடுங்க. வாயால சொல்லிட்டீங்கன்னா போதும்."

அவர் கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

"கோவம் இல்ல பாயம்மா. ஆனா சொல்லமாட்டேன்."

"ஏங்க?"

"சொன்னா நீங்க கெளம்பிடுவீங்க. அப்புறம் நான் யாராண்ட போய் கேக்கறது? அந்த நிதி ஐயா எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியாது. கலெக்டர் ஆபீஸ்ல எந்த ரூமுன்னு தெரியாது. வக்கீலு கிக்கீலு ஒண்ணும் தெரியாது. உங்க கடைப் படி ஒண்ணுதான் எனக்குத் தெரியும். மாசத்துக்கு ஒருவாட்டி அங்க வந்து குந்திட்டு வந்தா, காசு எங்கயோ இருக்குதுன்னு இருக்கும். மாப்பு குடுத்துட்டா கணக்கு முடிஞ்சிடும் இல்ல? நான் முடிக்கமாட்டேன்."

ஒரு கூரையில்லாத வீட்டில் உட்கார்ந்துகொண்டு, என்னை மக்காவுக்கு விடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது, இரண்டும் சேர்ந்து வந்தது. அவர் அடுப்பில் வெல்லத்தைப் போட்டுச் சுக்குக் காப்பி வைத்துக் கொடுத்தார். குடித்தேன். காரம் தொண்டையை எரித்தது. காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. "நான் உங்க கடையில தண்ணி குடிக்கறேன் இல்ல?" என்றார்.

திரும்பி வந்து இவரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, அவங்க சொல்றது சரி என்றார். ரொம்ப நாள் கழித்து அன்றைக்கு ஒழுங்காகச் சாப்பிட்டார். மறுநாள் படியில் ஒரு திண்டு கிடந்தது. கல் மாதிரி இல்லை, நல்ல இலவம்பஞ்சு, மெத்தென்று. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அந்தப் பௌர்ணமிக்கு முந்தின நாள் அந்தம்மா வந்தபோது நான் பஞ்சு மூட்டைக்குப் பின்னால் போகவில்லை. தண்ணீரை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "எதனா தெரிஞ்சுதா?" என்று இந்தத் தடவை என்னைக் கேட்டார். இன்னும் இல்லைங்க என்று சொன்னேன். சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தேன், வேறு எங்கே போவது?

பையன் மறுபடி ஃபோன் பண்ணினான். "என்னம்மா, பேர் குடுத்துட்டீங்களா? கெடு முடியப் போவுது."

"இந்த வருஷம் இல்லப்பா."

"அடுத்த வருஷமா?"

"அந்தம்மா எப்போ சரின்னு சொல்றாங்களோ அப்போ."

"எந்தம்மா?" என்றான்.

அடி அண்ணாமலையில சுக்குக் காப்பி விக்கிறவங்க என்று சொன்னேன்.